மதுரை மணக்கும் நாய்ப்பெயர்: கூப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: சொந்த ஊர் மதுரை, குடியிருப்பது சென்னையில், அடுக்குமாடி வீட்டில். 50 நாள் சிப்பிப்பாறைப் பெண் குட்டி வந்திருக்கிறது. செவலை நிறம், நான்கு பாதங்களிலும் வெள்ளை. வீட்டில் ஏற்கெனவே 'மணி' என்று ஆறு வயது நாட்டு நாய் இருக்கிறது. பெயரைக் கேட்டால் மதுரை நினைவுக்கு வர வேண்டும். பாட்டியின் மனம் நோகக்கூடாது. ஜிகர்தண்டா என்று வைக்க விருப்பமில்லை. என்ன வைக்கலாம்?

தடுப்பூசிப் புத்தகத்தில் எழுதுகிற பெயர் வேறு, வீட்டில் கூப்பிடுகிற பெயர் வேறு. நாய்க்குத் தெரிவது இரண்டாவது மட்டும்தான். தமிழில் இந்த வேறுபாடு ரொம்பப் பெரியது. நாம் யாரையும் பெயரை அப்படியே சொல்லிக் கூப்பிடுவதில்லை. கண்ணன் 'கண்ணா' ஆகிவிடுவார், மணி 'மணீ' என்று நீளும். தொல்காப்பியம் இதற்கென்றே சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயலை ஒதுக்கியிருக்கிறது. இகரத்தில் முடியும் பெயர் ஈகாரமாகும், ஐகாரத்தில் முடிவது 'ஆய்' ஆகும் என்பதெல்லாம் அங்கே மனிதர் பெயர்களுக்குச் சொன்ன விதி. விலங்குகளின் பெயருக்கு ஏகாரம் சேர்த்தால் போதும் என்று அதே இயல் சொல்கிறது. ஆனால் வீட்டு நாயை நாம் மனிதரைப் போலத்தான் கூப்பிடுகிறோம். 'மணியே' என்று எந்த வீட்டிலும் சத்தம் கேட்பதில்லை, 'மணீ' என்றுதான் கேட்கிறது. ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் அதன் விளி வடிவத்தில், அதாவது கூப்பிடும் வடிவத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வைகை, பேச்சில் 'வைகே' ஆகிவிடும். வேம்பன் 'வேம்பா' ஆவான். தெப்பக்குளம் என்று வைத்தால் மூன்றாம் நாள் அது 'தெப்பு' ஆகியிருக்கும். அந்தக் கடைசி வடிவத்தில் மதுரை மிச்சமிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் நாயின் காது. நாய்க்குச் செவிப்புலன் கூர்மையானது. நாம் கேட்க முடியாத அளவுக்கு உயர்ந்த ஒலிகளும் அதற்குக் கேட்கும். ஆனால் ஒலியைக் கேட்பது வேறு, ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்தறிவது வேறு. புடாபெஸ்ட் நகர ஆய்வாளர்கள் நாய்களின் மூளை மின்னலைகளை அளந்து 2020இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பழகிய கட்டளைச் சொல்லையும், அதில் ஒரே ஓர் ஒலியை மட்டும் மாற்றிய பொருளற்ற சொல்லையும் கேட்டபோது நாய்களின் மூளை வேறுபாடு காட்டவில்லை. முற்றிலும் வேறான சொல்லுக்குத்தான் வேறுபாடு காட்டியது. ஆக, உங்கள் வீட்டில் அடிக்கடி புழங்கும் ஒரு சொல்லிலிருந்து ஓர் எழுத்து மட்டும் தள்ளி நிற்கிற பெயர் நல்ல பெயர் இல்லை. அதன் பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இதைச் சோதிக்க ஒரு தாள் போதும். நாயிடம் நீங்கள் சொல்லும் சொற்களை எல்லாம் எழுதுங்கள்: வா, போ, இரு, உட்காரு, நில்லு, நகரு, கீழே இறங்கு, தள்ளிப் போ, வேணாம், கடிக்காதே, சும்மா இரு, சாப்டு. கூடவே வீட்டு மனிதர்களின் பெயர்கள், செல்லப் பெயர்கள், ஏற்கெனவே உள்ள நாயின் பெயர். பெரும்பாலும் 20, 25 சொற்களுக்குள் அடங்கிவிடும். இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மதுரைக்குள் இறங்கலாம்.

கோயிலையும் அரசர்களையும் முதலிலேயே எடுத்து ஓரமாக வைத்துவிடுவது நல்லது. மீனாட்சி, சொக்கன், அழகர் போன்றவை பாட்டிக்காக மட்டும் தவிர்க்க வேண்டிய பெயர்கள் அல்ல. இவை எல்லாம் இன்று உயிரோடு இருக்கும் ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள். பாண்டி, திருமலை, மங்கம்மா ஆகியவையும் அப்படித்தான். மாடிப்படியில் நின்று 'ஏய் பாண்டி, எச்சில் பண்ணாதே' என்று நீங்கள் அதட்டும்போது கீழ்த்தளத்தில் ஒரு பாண்டி இருப்பார். சாதிப் பட்டமாக ஒலிக்கும் எந்தச் சொல்லும், மதுரை உணவகப் பெயர்களில் சாதாரணமாகக் காணப்படுவதாக இருந்தாலும், நாய்க்கு வேண்டவே வேண்டாம். கறுப்பு நாயைக் 'கருப்பா' என்று அழைப்பது கிராமங்களில் பழைய வழக்கம்தான். ஆனால் அழகர்கோயிலில் காவல் நிற்பவர் பதினெட்டாம்படிக் கருப்பு. அவரைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் மதுரை வட்டாரத்தில் ஏராளம். உங்கள் குடும்பத்திலோ சம்பந்தி வீட்டிலோ அந்த வழிபாடு இருந்தால் விட்டுவிடுங்கள். பைரவர் கதை வேறு. நாய் அவருக்கு வாகனம் என்பதால் 'வைரவன்' என்று பக்தியோடு வைப்பவர்களும் உண்டு, அதைக் குறையாக நினைப்பவர்களும் உண்டு. அந்தத் தீர்ப்பைப் பாட்டியிடமே விடுவதுதான் முறை.

இனி ஊரின் கைப்பொருள்கள். இங்கேதான் நல்ல பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன.

வைகையைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். நல்ல பெயர்தான். ஆனால் பேச்சில் அதன் கடைசி ஐகாரம் தேய்ந்து மெலிந்துவிடும். தூரத்திலிருந்து கூப்பிடும்போது இழுத்துப் பிடிக்க வலுவான முடிவு கிடைக்காது. பெண் குழந்தைகளுக்கும் இப்போது நிறைய வைக்கிறார்கள். அதோடு சென்னையில் 'வைகை' என்றால் 1977 முதல் ஓடும் ரயில்தான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். மதுரைக்குள்ளேயே ஓடும் இன்னொரு சிறு ஆறு கிருதுமால். 'கிருது' என்று சுருக்கினால் ஆண் நாய்க்கு அரிதான, கூர்மையான பெயர். மதுரைக்காரர்களிலேயே பாதிப் பேர் 'அது என்ன?' என்று கேட்பார்கள், அப்போது அந்த ஆற்றைப் பற்றிச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

பூவில் மல்லியைத் தவிர்க்க முடியாது. மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் தாளைப் பாருங்கள்: 'தள்ளி' என்று ஒரு சொல் இருக்கிறது. மல்லி, தள்ளி இரண்டும் பேச்சில் கிட்டத்தட்ட ஒரே ஓசை. ஒன்று 'என்னைப் பார்' என்றும் மற்றொன்று 'விலகு' என்றும் சொன்னால் குட்டி குழம்பும். அதைவிட மல்லிச் சந்தையின் சொல் ஒன்று நன்றாக இருக்கிறது: மொட்டு. மல்லியை விரிவதற்கு முன், விடியற்காலையில் மொட்டாகத்தான் பறிக்கிறார்கள். உதிரியாக எடை போட்டு விற்பதும் மொட்டைத்தான். 'மொட்டு' இரண்டே அசை, நடுவில் அழுத்தமான 'ட்ட்'. வெள்ளைக் குட்டிக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைப்பது கடினம். உங்கள் குட்டி செவலை என்பதால் பொருந்தவில்லை.

வேம்பு பாண்டியர் சூடிய பூ, அதனால் நிகண்டுகளில், அதாவது பழைய சொற்பொருள் நூல்களில், வேம்பன் என்றாலே பாண்டியன். 'வேம்பா' என்று கூப்பிட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'வேணாம்' என்ற சொல்லை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வீட்டில் இது எடுபடாது; இரண்டும் 'வே'யில் தொடங்கி மூக்கொலிக்குப் போகின்றன. மதுரை கடம்பவனமாக இருந்தது என்ற தலபுராண நினைவில் 'கடம்பு' என்று வைக்க ஆசைப்படுவோர் உண்டு. பல் முளைக்கும் பருவத்தில் ஒரு நாய்க்குட்டியிடம் அதிகம் சொல்லப்படும் சொல் 'கடிக்காதே'. அந்த இரண்டு மூன்று மாதங்களில் கடம்பு தன் பெயரைத் திட்டு என்றே எடுத்துக்கொள்ளும்.

கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் தமிழ் மாதங்களின் பெயரால் அடுக்கடுக்காக அமைந்தவை: ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, அதற்கு வெளியே வெளி வீதி. குட்டி பிறந்த மாதம் இவற்றில் ஒன்றாக இருந்தால் பெயர் தானே வந்து நிற்கிறது. இதில் மாசிதான் என் கணிப்பில் முதலிடம். இரண்டு அசை, நெடில் தொடக்கம், இழுத்தால் 'மாசீ' என்று கூர்மையாக முடியும். சித்திரைத் தேரோட்டம் நடப்பதும் மாசி வீதிகளில்தான் என்பதால் பெயருக்குள் ஒரு திருவிழாவே அடங்கியிருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் மணி இருக்கிறதே! மணீ, மாசீ. மகரத்தில் தொடங்கி ஈகாரத்தில் முடியும் இரண்டு பெயர்கள். ஒன்றைக் கூப்பிட்டால் இரண்டும் வரும்; சில வாரங்களில் 'நம்மை இல்லை போல' என்று இரண்டும் வராமல் போகும். ஆவணியும் இதே காரணத்தால் அடிபடுகிறது. மணி, ஆவணி இரண்டின் வாலும் ஒன்று.

அதே விதி இன்னொரு அருமையான பெயரையும் உங்களிடமிருந்து பறிக்கிறது: குறுணி. மீனாட்சி கோயிலில் முக்குறுணிப் பிள்ளையார் இருக்கிறார். வண்டியூர்த் தெப்பக்குளம் வெட்டும்போது கிடைத்தவர் என்று சொல்வார்கள். விநாயகர் சதுர்த்தியன்று மூன்று குறுணி அரிசியில் பெரிய கொழுக்கட்டை செய்து அவருக்குப் படைப்பது வழக்கம். குறுணி என்பது வெறும் முகத்தல் அளவைதான்; சாமி பெயரைத் தொடாமலே கோயில் வாசனை வந்துவிடுகிறது. உருவில் சின்ன நாய்க்கு, வீட்டில் மணி, ராணி, வேணி யாரும் இல்லாவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். கோயில் அருகே நகரா மண்டபம் என்று ஒன்றும் உண்டு, நகரா என்ற பெருமுரசால் பெற்ற பெயர். குரைப்பு கனமாக உள்ள நாய்க்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 'நகரு' என்ற கட்டளைக்கும் அதற்கும் ஓர் உயிர்தான் வித்தியாசம்.

கீழடியை நினைக்காத மதுரைக்காரர் இன்று இல்லை. அந்த ஊர்ப் பெயரையே நாய்க்கு வைத்தால் 'கீழே' என்ற கட்டளையோடு மோதும். கீழடியில் 2014–15இல் தொடங்கிய அகழாய்வில் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் படிக்கப்பட்ட பெயர்களில் ஆதன், குவிரன் உண்டு. ஆண் குட்டியாக இருந்தால் நான் தயங்காமல் 'ஆதன்' என்றிருப்பேன். விளி வடிவம் 'ஆதா': இரண்டு நெடில், வாயைத் திறந்து கூப்பிட ஏற்ற ஒலி. தெருவில் இன்று அந்தப் பெயரோடு ஆளைப் பார்ப்பதும் அரிது. அங்கே யாரோ ஒருவர் தன் பானையில் தன் பெயரைக் கீறிவைத்தார் என்ற நினைவே மனதைத் தொடுகிறது.

சாப்பாட்டுப் பெயர்களில் ஓசைக்குச் சிறந்தது சால்னா. ஆகாரத்தில் முடிகிறது, வேறெந்தக் கட்டளையோடும் மோதவில்லை, செவலை நிறத்துக்கும் பொருந்துகிறது. பருத்திப்பால் குடித்து வளர்ந்தவர்கள் பால் நிற நாய்க்குப் 'பருத்தி' என்று வைக்கலாம். மடியை விட்டு இறங்காத குட்டிக்குப் 'பிசின்' கூட ஒத்துப்போகும், ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசினின் நினைவாக. இந்த வகைப் பெயர்களுக்கு ஒரு பொதுக்குறை உண்டு. சமையலறையில் தினமும் புழங்கும் சொல் பெயராக இருந்தால், தன்னைக் கூப்பிடாதபோதும் நாய் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். 'சால்னா இன்னும் கொஞ்சம் ஊத்து' என்று பத்து முறை கேட்டும் தனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றால் அந்த ஒலிக்குத் திரும்பிப் பார்ப்பதை அது நிறுத்திவிடும். மாதம் ஒருமுறை பரோட்டா சாப்பிடும் வீட்டுக்குச் சரி, வாரம் மூன்று நாள் சாப்பிடும் வீட்டுக்கு ஆகாது. பெயர் எதுவானாலும் சால்னாவை நாய்க்கு ஊற்றாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் பக்கம் மாட்டுக்குச் சொல்லும் நிறப் பெயர்கள் நாய்க்கும் அப்படியே பொருந்தும். காரி கறுப்பு, செவலை செம்பழுப்பு, மயிலை சாம்பலோடிய வெள்ளை, மறை என்றால் உடம்பில் திட்டுத் திட்டாக வேறு நிறம். சங்கப் பாடல்களில் ஏறு தழுவும் இடத்திலேயே காரி வந்துவிடுகிறது. கன்னி என்ற நாட்டு நாய் இனத்தில் கறுப்பு உடம்புக்காரிக்குக் 'காரி' மிகச் சரி. வல்லொலித் தொடக்கம், நெடில், ஈகார முடிவு எல்லாம் கூடியது. பேச்சில் ரகர றகர வேறுபாடு மங்கிய ஊர்களில் 'காறி'த் துப்புவதை நினைத்துக் கேலி செய்பவர்கள் இருப்பார்கள், அது ஒன்றே குறை. உங்கள் குட்டியைச் 'செவலை' என்று கூப்பிடலாம், தவறில்லை. ஆனால் அது தமிழ்நாடு முழுக்க உள்ள பெயர். அதில் மதுரை தனியாகத் தெரியாது.

சிலர் நாயைக் குறிக்கும் பழஞ்சொல்லான 'ஞமலி'யை மதுரைச் சங்கத் தமிழ் என்று நினைத்துப் பெயராக்குகிறார்கள். அது 'நாய்' என்று பொருள்படும் பொதுப்பெயர். அதோடு, உரையாசிரியர்கள் திசைச்சொல்லுக்கு, அதாவது வட்டார வழக்குச் சொல்லுக்கு, எடுத்துக்காட்டாக இதைச் சொல்லும்போது பூழி என்ற வேறொரு நாட்டார் வழக்கு என்கிறார்கள். மதுரைக்காக வைக்கும் பெயருக்கு இது பொருத்தமில்லை. ஞகர ஒலி சத்தமாகக் கூப்பிடவும் எழும்பாது.

சுங்குடி பற்றிக் கொஞ்சம் நின்று யோசித்தேன். மதுரைச் சௌராட்டிரர்கள் துணியைச் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டிச் சாயம் தோய்த்து எடுப்பது; முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் புள்ளியாக நிற்கும். 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. புள்ளிபோட்ட நாய் எதுவாக இருந்தாலும், டால்மேஷியனுக்குக்கூட, மதுரை தரக்கூடிய மிகச் சிறந்த பெயர் இதுதான். வீட்டில் 'சுங்கு' என்று நின்றாலும் ஊர் வாசனை போகாது. 'சும்மா இரு' என்பதில் உள்ள 'சும்மா'வை மட்டும் விட்டுவிட்டு 'இரு' என்று பழக்கினால் மோதலும் தீர்ந்துவிடும். உங்கள் குட்டிக்குப் பாதம் மட்டும்தானே வெள்ளை? அதனால் இது இரண்டாமிடம்.

முதலிடம் 'சிலம்பு'.

காரணங்களைச் சொல்கிறேன். நான்கு பாதத்திலும் வெள்ளை என்பது பார்த்தவுடன் கணுக்காலில் அணி போட்டது போல இருக்கும். மதுரையின் கதைகளிலேயே பெரிய கதை ஒரு சிலம்பின் கதை. பாண்டிமாதேவியின் சிலம்புக்குள் பரலாக இருந்தது முத்து. கண்ணகி அவைநடுவே உடைத்துக் காட்டிய சிலம்பில் தெறித்தது மாணிக்கம், அதாவது மணி. உங்கள் வீட்டில் ஏற்கெனவே மணி இருக்கிறது. சிலம்புக்குள் மணி என்று இரண்டு நாய்களும் ஒரே கதைக்குள் வந்துவிடுகின்றன. இந்தப் பொருத்தத்தை வேறு எந்தப் பெயரும் தராது.

ஓசையும் ஒத்துழைக்கிறது. சிலம்பு, மணி இரண்டுக்கும் தொடக்கம் வேறு, முடிவு வேறு, அசை எண்ணிக்கை வேறு. கூப்பிட்டால் 'சிலம்பூ' என்று ஊகாரத்தில் இழுக்கலாம். நடுவில் உள்ள 'ம்பு' என்ற வெடிப்பொலி சத்தத்திலும் தனித்துத் தெரியும். மூன்றும் குறில்தானே, நீளமாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். மூன்று குறில் ஒரே மூச்சில் வந்துவிடும். கதையில் மதுரை எரிந்ததே, மங்கலமா என்று பாட்டி கேட்டால் அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அப்போது தென்மாவட்டங்களின் சிலம்பத்தை நினைத்தும் இதே பெயர் என்று சொல்லுங்கள். மெலிந்து நீண்டு கம்பு போலப் பாயும் சிப்பிப்பாறைக்கு அதுவும் உண்மையான பொருத்தம்தான். அப்படியும் அவருக்குச் சம்மதமில்லை என்றால் சுங்குடிக்குப் போய்விடுங்கள். நாயோடு பகல் முழுக்க வீட்டில் இருக்கப் போகிறவர் அவர், அவர் வாயில் வராத பெயர் நிலைக்காது.

கவனிக்க வேண்டிய ஒரே மோதல் 'ச்சீ'. நாய் எதையாவது முகர்ந்தால் நாம் அனிச்சையாகச் சொல்வது இது. சகரத் தொடக்கம் ஒன்றாக இருப்பதால் இந்தச் சொல்லை வீட்டில் எல்லோரும் கைவிட்டு 'வேணாம்' என்பதற்கு மாற வேண்டும். அதே போல, தொடக்க எழுத்தை எல்லோரும் ஒரே மாதிரி உச்சரியுங்கள். ஒருவர் 'ஸிலம்பு' என்றும் இன்னொருவர் வல்லினமாக 'ச்சிலம்பு' என்றும் சொன்னால் பழகக் கூடுதல் நாளாகும்.

முடிவு செய்யும் முன் இரண்டு நாள் வெள்ளோட்டம் விடுங்கள். குட்டியிடம் சொல்லாமல், வீட்டு மனிதர்கள் மட்டும் அந்தப் பெயரைப் பேச்சில் பயன்படுத்திப் பாருங்கள். பால்கனியிலிருந்து ஒருமுறை உரக்கக் கூப்பிடுங்கள். கோபமாக ஒருமுறை, கொஞ்சலாக ஒருமுறை, வாயில் காபியோடு ஒருமுறை. வீட்டுக் குழந்தையைச் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு எங்கே தடுக்கிறதோ அங்கே பெயர் தானாகச் சுருங்கும். சுருங்கிய வடிவம் 'சிலு' என்றானால் பரவாயில்லையா என்று இப்போதே முடிவெடுங்கள். முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் வரும், அப்போது புத்தகத்தில் ஒரு பெயர் ஏறிவிடும். பிறகு மாநகராட்சி உரிமத்துக்கும் நுண்சில்லு (மைக்ரோசிப்) பதிவுக்கும் அதே பெயர், அதே எழுத்துக்கூட்டலில் இருப்பது நல்லது. இந்த வாரமே முடிவெடுப்பதற்கு இதுவே காரணம்.

பழக்குவது இப்படி. வேகவைத்த கோழியையோ முட்டை வெள்ளைக்கருவையோ பட்டாணி அளவுக்கு நறுக்கி, ஒரு தடவைக்குப் பத்துத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு, மசாலா எதுவும் கூடாது. மணியை வேறு அறையில் விடுங்கள். குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது பெயரை ஒரே ஒருமுறை, தெளிவாக. தலை திரும்பிய கணத்தில் 'நல்லது' என்று சொல்லித் துண்டைக் கொடுங்கள். ஒரு நொடிக்கு மேல் தாமதித்தால் எதற்காகக் கொடுத்தீர்கள் என்பது அதற்குப் புரியாது. பத்து முறை, மூன்று நிமிடம், அவ்வளவுதான். நாளைக்கு மூன்று நான்கு தடவை, சாப்பாட்டுக்கு முன்னால் செய்தால் ஆர்வமாக இருக்கும். மூன்றாம் நாள் இரண்டடி தள்ளி நின்று, ஐந்தாம் நாள் அடுத்த அறையிலிருந்து, அதற்குப் பிறகு தொலைக்காட்சி ஓடும்போது. இரைச்சலைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். பெயரைச் சொல்லும் குரலின் அளவுக்கே சத்தமாகப் பின்னணிப் பேச்சு இருந்தாலும் நாய்கள் தம் பெயரை அடையாளம் காண்கின்றன, பின்னணி அதைவிட உரக்கப் போனால் முடிவதில்லை என்று மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2019இல் காட்டியது. கார்த்திகை வெடிச் சத்தத்துக்கு நடுவே கூப்பிட்டு வரவில்லை என்று கோபப்படுவதில் பயனில்லை.

பத்து நாள் கழித்து மணியையும் கூட வையுங்கள். இரண்டும் முன்னால் உட்கார்ந்திருக்க, 'மணி' என்றால் மணிக்கு மட்டும் துண்டு, 'சிலம்பு' என்றால் சிலம்புக்கு மட்டும். தவறாக முண்டி வந்தால் திட்ட வேண்டாம், கையை மூடிக்கொண்டால் போதும். ஒரு வாரத்தில் தெளிந்துவிடும்.

கெடுப்பவை மூன்று. ஒன்று, 'சிலம்பு சிலம்பு சிலம்பு' என்று அடுக்குவது. மூன்றாவது தடவைக்குத் திரும்பினால் போதும் என்று குட்டி கற்றுக்கொள்ளும். இரண்டு, பெயரைச் சொல்லி அதட்டுவது. திட்ட வேண்டியிருந்தால் 'வேணாம்' மட்டும். மூன்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, ஊசி போடக் கொண்டுபோவது. அதற்கெல்லாம் நீங்களே போய்த் தூக்கிக்கொள்ளுங்கள்.

சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் நாய். ஓர் அணிலைப் பார்த்து ஓட்டம் பிடித்துவிட்டால் பெயர் அதை நிறுத்தாது. பெயருக்கு வேலை 'என்னைப் பார்' என்பது மட்டும். திரும்பி வருவதற்குத் தனிச்சொல் வேண்டும். அதற்கு மதுரையே ஒரு சொல்லை வைத்திருக்கிறது: 'இங்கிட்டு'. 'சிலம்பூ, இங்கிட்டு!' என்றால் சென்னையின் நடுவே நின்றாலும் ஊர் தெரியும். வேறெந்தக் கட்டளையோடும் அது மோதவில்லை. ஆனால் போகச் சொல்ல 'அங்கிட்டு' என்று பழக்கிவிடாதீர்கள், முதல் உயிரெழுத்து மட்டும்தான் மாறுகிறது. போவதற்குப் 'போ' என்பதே இருக்கட்டும். முழுவதும் பழகும்வரை, வேலி இல்லாத இடத்தில் பதினைந்தடிக் கயிறு இல்லாமல் அவிழ்த்துவிட வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் இருப்பது வெள்ளை ராஜபாளையம் குட்டி என்றால், பெயர் பழக்கத் தொடங்கும் முன் அது தூங்கும்போது பின்னால் நின்று, காற்றுப் படாத தூரத்தில், கை தட்டிப் பாருங்கள். அந்த இனத்தில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. அசைவே இல்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். செவிட்டு நாய்க்குக் கையசைவையே பெயராகப் பழக்கலாம். மேலே சொன்ன பத்துத் துண்டு முறைதான், வாய்க்குப் பதில் கை.